நாய்க்கு உண்ணி எடுக்க: முதலில் கை, அப்புறம் ட்வீசர்

செவலை எங்கள் வீட்டுக்கு வந்தது ஏற்காட்டிலிருந்து. நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. 20 கொண்டை ஊசி வளைவையும் என் மடியில் வாந்தி எடுத்தபடியே இறங்கி, சேலம் கோரிமேட்டுக்கு வந்து சேர்ந்தாள். மூன்றாம் நாள் காதைத் தடவும்போது விரலில் என்னவோ தட்டுப்பட்டது. புரட்டிப் பார்த்தால், உள்மடிப்பில் ஐந்தாறு உண்ணி வரிசை கட்டி உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கு நான் செய்தது அத்தனையும் தப்பு. வீட்டுக்காரர் இடுப்பையும் பின்னங்காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் புருவம் எடுக்கிற ட்வீசரோடு உட்கார்ந்தேன். மூன்று வந்தது. நான்காவதற்குப் போனபோது செவலை திரும்பி என் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டாள். அதன் பிறகு இரண்டு மாதம், நான் அலமாரிக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டாலே ஸ்கூட்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். ட்வீசர் எங்கே இருக்கிறது என்று எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்கவில்லை.

உண்ணியைப் பிடுங்குவது அரை நிமிட வேலை. நம் கையை நாய் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் விடுவதற்குத்தான் பதினைந்து நாள், இருபது நாள் ஆகும். முதல்முறை நாய் வளர்க்கிறவர்கள் இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான்.

"உண்ணி இப்பவே ஒட்டியிருக்கே, இருபது நாள் எப்படிப் பொறுக்கிறது?" என்று கேட்பீர்கள். பொறுக்க வேண்டாம். நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, எடை போட்டு, அவர் சொல்கிற மருந்தைக் கொடுத்துவிடுங்கள். இப்போது வருகிற மாத்திரைகளில் ஒட்டியிருக்கிற உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் செத்துவிடும். அவசரத்தை மாத்திரை பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் நிதானமாகக் கை பழக்கத்தைத் தொடங்கலாம். எனக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் கட்டைவிரல் தப்பியிருக்கும்.

எது உண்ணி, எது இல்லை

ரத்தம் குடிக்காத உண்ணி தட்டையாக, பழுப்பாக, ஒரு சின்னத் தர்பூசணி விதை மாதிரி இருக்கும். குடித்து உப்பிய பெண் உண்ணியைப் பார்த்தால் ஆமணக்கு விதைதான் நினைவுக்கு வரும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆமணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஒரு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆமணக்கின் அறிவியல் பெயரில் வரும் 'ரிசினஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு உண்ணி என்றுதான் பொருள். நமக்குத் தோன்றியது ரோமாபுரிக்காரனுக்கும் தோன்றியிருக்கிறது.

ஆண் உண்ணி உப்பாது, தட்டையாகவே இருக்கும். உப்பிய பெண்ணை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஆறு கால், கசகசா அளவு. அடுத்த நிலையில் எள் அளவு, எட்டுக் கால். கூட்டமாக ஒட்டியிருந்தால் அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவோம். ஈரப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். அழுக்கு வந்துவிடும், உண்ணி வராது.

இன்னொரு தப்பு அடிக்கடி நடக்கிறது. முலைக்காம்பையும் மருவையும் உண்ணி என்று நினைத்துக் கிள்ளி இழுப்பது. ஆண் நாய்க்கும் காம்பு உண்டு, அது தெரியாமல் பாவம் பல ஆண் நாய்கள் கத்தியிருக்கின்றன. சந்தேகம் வந்தால் டார்ச் அடித்துக் காலைத் தேடுங்கள். கால் தெரியாவிட்டால் கை வைக்காதீர்கள்.

தேட வேண்டிய இடங்கள்: காதின் உள்பக்கமும் ஓர மடிப்பும், கழுத்துப்பட்டைக்கு அடி, முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி, கண் இமை ஓரம். எல்லாவற்றையும் விட முக்கியமாக, கால் விரல்களுக்கு நடுவே. நாய் ஒரு காலை மட்டும் விடாமல் நக்கிக்கொண்டிருந்தால் அந்தக் காலில்தான் முதலில் பார்க்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், விரல் நுனியால் முடிக்கு எதிர்த்திசையில் மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். அரிசி களைகிற கைக்குக் கல் தட்டுப்படுகிற மாதிரி தட்டுப்படும்.

கை பழக்கம்

இதற்கு வேண்டியது மூன்று: நாய்க்கு உயிரான ஒரு தீனி, ஒரு பழைய துண்டு, உங்கள் பொறுமை. தீனியைப் பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். வேகவைத்த கோழி, ஈரல், முட்டை, சைவ வீடென்றால் பன்னீர். மசாலா, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். வெங்காயம் வைத்த தட்டுவடை செட் நாம் சாப்பிடும்போது ஏக்கமாகப் பார்க்கும். நம் ஊர் நாய் வேறு எதைப் பார்க்கும்? கொடுத்துவிடாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் சாக்லேட்டும் அறவே கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, நடைக்குப் போய்வந்து களைத்திருக்கிற நேரம் நல்லது. காலையில் இரண்டு நிமிடம், சாயங்காலம் இரண்டு நிமிடம். அதற்கு மேல் ஒரு நொடியும் வேண்டாம். நன்றாகப் போகிறது என்று நீட்டிய நாளில்தான் எனக்குக் காரியம் கெட்டது.

முதல் மூன்று நாள் தோளும் மார்பும் மட்டும். பக்கவாட்டில் உட்காருங்கள், எதிரே குனிந்து நின்றால் நாய்க்கு அது மிரட்டல். தோளில் கை வையுங்கள், ஒரு நொடி, கையை எடுங்கள், தீனி கொடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. தீனியை மூக்கெதிரே காட்டிக்கொண்டே இன்னொரு கையால் தொட்டால், கொஞ்ச நாளில் தீனியைப் பார்த்தாலே "என்னவோ செய்யப்போகிறாள்" என்று சந்தேகம் வந்துவிடும். முதலில் தொடல், பிறகு தீனி என்றிருந்தால், தொடுவதே நல்ல சேதியாகிவிடும். செவலை நான்காம் நாள் என் கை தோளில் பட்டதும் தலையைத் திருப்பித் தீனிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அடுத்த இடத்துக்குப் போகலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். தேதி கணக்கு வைக்காதீர்கள், இந்தத் திரும்பலுக்குக் காத்திருங்கள்.

அப்புறம் கழுத்து, பட்டையைக் கழற்றி மாட்டுவது. அதற்கும் பிறகு காது. காதை ஒரே நாளில் புரட்டக் கூடாது. ஒரு நாள் வெளிமடலை விரலால் தொடுவது மட்டும். மறுநாள் மடலைக் கொஞ்சம் தூக்கி உடனே விடுவது. அடுத்த நாள் தூக்கி, மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி விடுவது. ஐந்து எண்ணும்வரை அசையாமல் இருந்தால் காது வேலை முடிந்தது. காலுக்கு எப்போதும் மேலேயிருந்து வாருங்கள், தோளிலிருந்து வழித்துக்கொண்டு பாதம் வரை. நேராகப் பாதத்தைப் பிடித்தால் எந்த நாயும் இழுத்துக்கொள்ளும். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளப் பழகிய பிறகுதான் விரல்களைப் பிரித்துப் பார்ப்பது.

துண்டு எதற்கு என்றால், தலை வைப்பதற்கு. மடியில் துண்டை விரித்து, நாய் தானாகத் தாடையை அதன் மேல் வைத்தால் தீனி. நாலைந்து நாளில் துண்டை விரித்ததும் தாடை வந்து உட்காரும். இனி இதுதான் உங்களுக்குள் ஒப்பந்தம்: தாடை துண்டின் மேல் இருக்கும்வரை நீங்கள் வேலை செய்யலாம். தலையைத் தூக்கினால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். இதில் ஏமாற்றக் கூடாது. "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்" என்று தலை தூக்கிய பிறகும் பிடித்து இழுத்தீர்களென்றால் பத்து நாள் உழைப்பு அந்த ஒரு உண்ணிக்குப் போய்விடும். விடுகிறோம் என்று தெரிந்த நாய்தான் திரும்பி வந்து தாடையை வைக்கும்.

நாய் பேசாது என்று யார் சொன்னது? கடிப்பதற்கு வெகுநேரம் முன்பே சொல்லிவிடும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். தீனி இல்லாமலே உதட்டை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் ஓட்டும். விழி ஓரத்தில் வெள்ளை பிறை போலத் தெரியும். வாலை இடுக்கும். கடைசியில் உடம்பு கட்டை மாதிரி விறைக்கும், மூச்சுக்கூட நின்ற மாதிரி இருக்கும். "பாரு, எவ்வளவு சமத்தா இருக்கு" என்று நாம் மெச்சுகிற நேரம் பல சமயம் அந்த விறைப்புதான். விறைத்தால் கையை எடுத்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். உறுமினால் திட்டாதீர்கள். உறுமக் கூடாது என்று பழகிய நாய் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும்.

கடைசியாகக் கருவியைப் பழக்க வேண்டும். ட்வீசரைக் காட்டித் தீனி. ட்வீசரின் பின்பக்கத்தால் தோளைத் தொட்டுத் தீனி. டிக் டிக்கென்று சத்தம் எழுப்பித் தீனி. பிறகு நாலு முடியை நுனியால் பிடித்து லேசாக இழுத்துத் தீனி. உண்ணியே இல்லாத நாளில் பத்து முறை இந்த நாடகம் நடந்திருந்தால், உண்ணி இருக்கிற நாளில் அது பதினோராவது முறை, அவ்வளவுதான்.

செவலைக்கு ட்வீசர் என்றாலே ஆகாது என்று ஆகிவிட்டதால் நான் கருவியையே மாற்றினேன். ஆணி பிடுங்கும் சுத்தியலின் பின்பக்கம் மாதிரி பிளவுபட்ட சின்ன பிளாஸ்டிக் கொக்கி ஒன்று உண்ணிக்கென்றே விற்கிறது. பச்சை நிறம், புது வாசனை, பழைய கெட்ட நினைவு எதுவும் இல்லை. அலமாரியிலும் வைக்கவில்லை, தீனி டப்பாவுக்குள்ளேயே போட்டு வைத்தேன். ஒரு வாரத்தில் கொக்கியைப் பார்த்தால் வாலாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஏற்கெனவே கடித்துப் பழகிய நாய், வயதான பிறகு வந்து சேர்ந்த நாய் என்றால் வாய்க்கூடை போடப் பழக்குங்கள். கம்பிக் கூடை மாதிரி, உள்ளே வாயைத் திறந்து மூச்சு வாங்க முடிகிற வகையாக இருக்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டுகிற துணி வகையைச் சேலத்து வெயிலில் போடவே கூடாது; நாய் வாயைத் திறந்துதான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கூடையின் அடியில் கொஞ்சம் தயிரைத் தடவிப் பிடித்துக்கொள்ளுங்கள், அது தானாக முகத்தை விடட்டும். வாரைப் பூட்டுவதெல்லாம் ஒரு வாரம் கழித்து.

எடுக்கும் முறை

பகல் வெளிச்சம், அல்லது பக்கத்தில் ஒருவர் டார்ச்சோடு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மூடி போட்ட சின்ன பாட்டிலில் பாதிக்கு சர்ஜிக்கல் ஸ்பிரிட். அருகில் பஞ்சும் பெட்டாடினும். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் நாயைக் கூப்பிடுங்கள். நாயை உட்காரவைத்துவிட்டுப் பஞ்சு தேடப் போகக் கூடாது.

முடியை இரண்டு விரலால் விலக்கி, உண்ணி தோலைக் கவ்வியிருக்கிற இடத்தைப் பாருங்கள். ட்வீசரின் முனை ஊசி மாதிரி கூராக இருக்க வேண்டும்; புருவ ட்வீசரின் பட்டை முனை உண்ணியின் வயிற்றைத்தான் நசுக்கும். தோலை ஒட்டினாற்போல், அதன் வாய்ப்பகுதியில் பிடியுங்கள், வயிற்றில் பிடிக்காதீர்கள். பிடித்த பின் நேர் மேலாக, ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று சுண்டக் கூடாது. தோல் கூடாரம் மாதிரி கொஞ்சம் எழும்பும், அப்படியே இரண்டு மூன்று நொடி பிடித்திருந்தால் உண்ணி பிடியை விட்டுவிடும். கொக்கி என்றால் முறை வேறு. பிளவைத் தோலோடு ஒட்டி நகர்த்தி உண்ணிக்கு அடியில் கொடுத்து, மெதுவாக ஒரே திசையில் திருகினால் கழன்று வரும். ட்வீசருக்குத் திருகாமல் இழுப்பது, கொக்கிக்கு இழுக்காமல் திருகுவது. இதை மாற்றிச் செய்துவிட்டு "வரவே மாட்டேங்குது" என்று சொல்கிறவர்கள் அதிகம்.

எடுத்ததை நேராக ஸ்பிரிட் பாட்டிலில் போடுங்கள். நகத்தில் வைத்து நசுக்குவது, தரையில் தேய்ப்பது, பாத்ரூமில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். கடிவாயில் பெட்டாடின் தொட்டு வைத்து, ஒரு பெரிய தீனி. அப்புறம் கை கழுவுங்கள்.

சில நேரம் வாயின் ஒரு துணுக்கு தோலுக்குள் தங்கிவிடும், கரும்புள்ளி மாதிரி தெரியும். ஊசியை வைத்துத் தோண்டாதீர்கள். முள் வெளியே வருவது மாதிரி உடம்பே அதைத் தள்ளிவிடும். சின்ன கடலை அளவுக்குத் தடிப்பு வந்து சில நாளில் அடங்கும். அடங்காமல் சீழ் வைத்தாலோ, பெரிதாகிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு உட்காரலில் மூன்று, நான்கு போதும். நாய்க்கு இன்னும் பொறுமை இருக்கிறபோதே நிறுத்திவிட வேண்டும்.

நாயின் மேல் எண்ண முடியாத அளவுக்கு உண்ணி மொய்த்திருந்தால், அதுவும் குட்டியாக இருந்தால், இந்த வேலையே உங்களுக்கு இல்லை. குட்டிக்கு ரத்தம் குறைந்துபோய் உயிருக்கே ஆபத்தாகும். நேராக மாட்டாஸ்பத்திரி. தெருநாய்க்கு நல்லது செய்யப் போய் முன்பின் தெரியாத நாயின் காதில் கை வைப்பதும் வேண்டாம். சொந்த நாயோ தெருநாயோ, பல் பட்டுத் தோல் கீறினால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். என் கட்டைவிரலுக்கும் ஊசி போட்டுக்கொண்டேன்.

சீமெண்ணெய் வைத்தியம்

என் மாமியார் ஓமலூர்ப் பக்கம் மாடு வளர்த்த குடும்பம். நான் கொக்கியும் துண்டுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்குப் போயி இத்தனை கூத்தா? ஒரு சொட்டு சீமெண்ணெய் தொட்டு வெச்சா தானா உழுந்துரும், கண்ணு."

விழும், உண்மைதான். ஆனால் எரிச்சல் தாங்காத உண்ணி விழுவதற்கு முன்னால் வயிற்றிலும் எச்சிலிலும் இருப்பதைக் கடிவாய்க்குள் கக்கிவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. நாம் பயப்படுகிற நோய்க்கிருமி அதில்தான் இருக்கிறது. ஊதுபத்தியால் சுடுவது, தீக்குச்சி, சுண்ணாம்பு, நெயில் பாலிஷ், வாசலின் எல்லாவற்றுக்கும் இதே பதில். சீமெண்ணெய் தோலையும் பொத்துவிடும், நக்கினால் வயிற்றுக்கும் கேடு. மாமியாரிடம் இதை விளக்கியதும், "அப்ப எங்க மாடெல்லாம் எப்படிப் பொழைச்சுதாம்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் செவலைக்கு அவர் சீமெண்ணெய் வைக்கவும் இல்லை.

மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை அளவு தெரியாமல் கலந்து நாய்க்கு ஊற்றுவது இதைவிட மோசம். நடுக்கமும் வாந்தியும் வந்து நாய் விழுந்த கதைகள் நிறைய. வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. நாய்க்கு விடுகிற சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது, அது பூனைக்கு விஷம்.

மருந்து

முதுகில் விடும் சொட்டு மருந்து, மாத்திரை, மருந்தூட்டிய கழுத்துப்பட்டை என்று மூன்று வகை. சொட்டு மருந்தில் அதிகம் கிடைப்பது ஃபிப்ரோனில். தோளெலும்புகளுக்கு நடுவே முடியை விலக்கித் தோலில் விட வேண்டும், முடியின் மேல் விட்டால் வீண். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. மாத்திரையில் அஃபோக்ஸோலேனர் மாதம் ஒன்று, ஃப்ளூராலேனர் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று. விலை கொஞ்சம் கடிக்கும். ஆனால் குளிப்பாட்டினால் போய்விடுமே என்ற கவலை இல்லை. வலிப்பு வரும் நாய் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அளவு எடையைப் பொறுத்தது, குட்டிக்கு வயது வரம்பும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டு லாப்ரடாருக்கு வாங்கியதில் பாதி என்ற கணக்கு உதவாது.

மாத்திரை கொடுத்த மறுநாள் உடம்பில் உண்ணியைப் பார்த்துவிட்டு "மருந்து வேலை செய்யல" என்று இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள். உண்ணி கடித்து ரத்தம் குடித்தால்தான் மருந்து அதற்குள் போகும். ஒட்டியிருப்பது செத்ததாகவே இருக்கலாம். கொக்கியால் தட்டினாலே விழும்.

சுவரைப் பாருங்கள்

முதல் வருடம் நான் தோற்றது இங்கேதான். நாயிடம் உண்ணி இல்லை, மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் இருக்கிறது. மருந்து மாற்றினேன், சோப்பு மாற்றினேன், செவலை மேல் கோபப்பட்டேன்.

நம் ஊர் வீடுகளில் அதிகம் காணப்படுவது பழுப்பு நாய் உண்ணி. அது தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின் மேல் ஏறி, மூன்று முறை இறங்குகிறது. குஞ்சாக ஒரு முறை, நடுப்பருவத்தில் ஒரு முறை, வளர்ந்து ஒரு முறை. ஒவ்வொரு முறையும் சில நாள்தான் உடம்பில். மற்ற நேரமெல்லாம் உங்கள் வீட்டில். கடைசி முறை இறங்கிய பெண் உண்ணி சுவர் வெடிப்பில் ஏறி 4,000 வரைகூட முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். சேலத்து வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டை வரை இரண்டு, மூன்று மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். வளர்ந்த உண்ணி ஒன்றும் தின்னாமலே ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கக்கூடியது. பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குடிபோன மறுவாரம் நாய்க்கு உண்ணி வருவது இதனால்தான்.

ஒரு நாள் ராத்திரி டார்ச்சோடு செவலை படுக்கிற மூலையில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். தரையில் ஒன்றும் இல்லை. வெளிச்சத்தை மெல்ல மேலே கொண்டுபோனால், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே நூல் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. சாம்பல் நிறத்தில் உப்பிப்போன ஒன்று என் கண் உயரத்தில். நான் ஆறு மாதமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உண்ணி மேலே ஏறுகிற ஜாதி.

அதன் பிறகு செய்தது: சிமென்ட்டும் பட்டியும் வைத்து எல்லா வெடிப்பையும், நிலையோரத்தையும் அடைத்தோம். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டு உச்சி வெயிலில் காயவைத்தோம். திண்ணைக் கல் இடுக்கில் கொதிநீர் ஊற்றினோம். சாக்கும் கயிற்றுக்கட்டிலும் வெளியே போனது. நாய்க்குத் தேதி தவறாமல் மாத்திரை. மூன்று மாதம் விடாமல் செய்த பிறகுதான் சுவர் அடங்கியது. பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிடுவதாக இருந்தால், நாய் இருக்கும் வீடு என்று முதலிலேயே சொல்லி, காய்ந்து முடியும்வரை நாயை வேறு இடத்தில் வைத்திருங்கள்.

உண்ணிக் காய்ச்சல்

கடிக்கிற எல்லா உண்ணியும் நோய் தருவதில்லை. தருகிறது தரும்போது வேகமாகத் தரும். எர்லிக்கியா என்ற கிருமி கடக்கச் சில மணி நேர ஒட்டலே போதும். பபேசியாவுக்கு வழக்கமாக ஒன்றிரண்டு நாள். ஆகவே தினமும் பார்ப்பது நல்லது, ஆனால் தினமும் பார்த்தோம் என்பதால் பயமில்லை என்று இருக்க முடியாது.

செவலைக்கு இரண்டாம் வருடம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் முதல் ஆளாக நிற்பவள் தட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தாள். உடம்பு கொதித்தது. முதலில் கொண்டுபோன இடத்தில் ரத்தம் பார்க்காமலே காய்ச்சல் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஈறைத் தூக்கிப் பார்த்தேன். எப்போதும் ரோஜா நிறத்தில் இருப்பது வெளுத்து, அதில் சிவப்பு சிவப்பாகக் குத்துப் புள்ளிகள். அடிவயிற்றிலும் அதே. வேறொரு மருத்துவர் ரத்தம் எடுத்தார். இரண்டு லட்சத்துக்குக் குறையக் கூடாத தட்டணு (பிளேட்லெட்) நாற்பதாயிரத்துக்கும் கீழே. டாக்ஸிசைக்ளின் 28 நாள். நாலாம் நாளே துள்ளிக் குதித்தாள். ஆனாலும் மாத்திரையை 28 நாளும் நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தினால் நோய் பதுங்கி மறுபடி எழும்பும்.

ஆகவே கை பழக்கத்தில் ஈறைத் தூக்கிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல நாளில் ஈறு என்ன நிறம் என்று தெரிந்திருந்தால்தான் கெட்ட நாளில் வெளுத்திருப்பது தெரியும். மூக்கில் ரத்தம், காபி டிகாஷன் நிறத்தில் சிறுநீர், கழுத்தடியிலோ முழங்கால் பின்னாலோ கட்டி, இரண்டு வேளை சாப்பிடாமை, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போய் "உண்ணி இருந்தது, ரத்தம் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். உள்ளூரில் ஆகாது என்றால் நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

உண்ணி மனிதரையும் கடிக்கும். ஆனால் மலைப்பக்கம் போய்வந்தவர்களுக்கு உடம்பில் கருப்புப் பொருக்கோடு காய்ச்சல் வந்தால் நாயைக் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற அந்தக் காய்ச்சலைப் பரப்புவது உண்ணி இல்லை, புதரில் இருக்கிற வேறொரு நுண்ணிய சிற்றுண்ணி இனத்தின் குஞ்சு. டாக்டரிடம் புதரில் நடந்ததைச் சொன்னால் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும்.

மலைக்குப் போய்வந்தால்

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைச் சரிவெங்கும் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. பெயரைக் கேட்டுவிட்டு உண்ணி அதிலிருந்துதான் வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். செடி ஒன்றும் உண்ணியைப் பெறுவதில்லை. ஆனால் ஆடுமாடு போகிற வழியில் இருக்கிற எந்தப் புதரிலும் புல்லிலும் காட்டு உண்ணி நுனிக்கு ஏறி, முன்னங்காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். நாய் உரசினால் தொற்றிக்கொள்ளும். தோட்டத்துக்குள் நடக்கும்போது நாயை நடுப்பாதையில் நடத்துங்கள், கயிறு கையில் இருக்கட்டும்.

இறங்கும்போது வளைவுகளில் நாய்க்குக் குமட்டும் என்பதால் கிளம்புவதற்கு முன் மூன்று, நான்கு மணி நேரம் சாப்பாடு வேண்டாம். அடிவாரம் வந்ததும் நாங்கள் வண்டியை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுவோம். நான் துண்டை விரிப்பேன், செவலை தாடையை வைப்பாள், காது, அக்குள், விரலிடுக்கு என்று ஒரு சுற்று. கொக்கி தீனி டப்பாவில்தான் இருக்கிறது. போன மாதம் இடது பின்னங்காலில் ஒன்று கிடைத்தது, இன்னும் சரியாகக் கவ்வக்கூட இல்லை, மணல் மாதிரி உதிர்ந்து வந்தது. மறுநாள் காலை வெளிச்சத்தில் இன்னொரு சுற்றுப் பார்க்க வேண்டும். முதல் நாள் எள்ளாக இருந்து கைக்குத் தப்பியது, மறுநாள் கொஞ்சம் உப்பிக் கையில் தட்டுப்படும்.